காற்றுச் சக்கரம் கொண்டுபோன ராஜா

முன்னொரு காலத்தில் கொங்கல்நாடு என்றொரு சீமையை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

புதிய கருவிகள் செய்கிறவர்களுக்கு உதவ வேண்டுமென்று மந்திரி தேவநாதர் சொன்னதன்பேரில், அவன் ஒரு புதுமை மண்டபம் கட்டினான். யோசனையோடு வருகிறவர்களை அங்கே விசாரிப்பார்கள். தேறினால் அரண்மனைச் செலவிலேயே செய்து பார்க்கலாம். வருஷங்கள் போயின. மண்டபத்திலிருந்து ஒரு மண்வெட்டிப் பிடிகூட வெளியே வரவில்லை.

ராஜா சபையைக் கூட்டிக் காரணம் கேட்டான்.

மண்டபத்து அதிகாரி வெண்காடர் எழுந்தார். அவருக்கு மந்திரியைக் கண்டால் ஆகாது. "மந்திரியார் ஆசைப்பட்டால் போதுமா, பிரபு? நம் ஜனங்களுக்கு மூளை வேண்டாமா? மண்டபத்தை மூடிவிடுவதே உத்தமம்."

"நீர் என்ன சொல்கிறீர், தேவநாதரே?"

"மூடலாம், பிரபு. அதற்குமுன் ஒரே ஒரு யோசனையை அங்கே அனுப்பிப் பார்ப்போம். காற்றடித்தால் தானே சுற்றித் தண்ணீர் இறைக்கும் சக்கரம் ஒன்றை நந்தவனத்தில் எனக்கு விவரித்தீர்களே, அதை. கொண்டுபோவது ராஜா என்று மட்டும் தெரிய வேண்டாம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே குடியானவன் வேஷத்தில், முண்டாசும் ஒட்டுமீசையுமாகப் போனான். வெயிலில் நெடுநேரம் நிற்கவைத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

யோசனையைக் கேட்டுக்கொண்ட வெண்காடர், "இதற்குமுன் யார் செய்திருக்கிறார்கள்?" என்றார்.

"யாரும் செய்யவில்லை, ஐயா. அதனால்தான் புதுசு."

"யாருமே செய்யாதது ஓடும் என்று எப்படி நம்புவது? போய்வா."

ராஜா சமாளித்தான். "பக்கத்துச் சீமையில் செய்ததாகக் கேள்வி, ஐயா."

"அப்படியானால் புதுசே இல்லையே. போய்வா."

ராஜா முண்டாசையும் மீசையையும் பிய்த்தெறிந்தான். வெண்காடர் தடாலென்று காலில் விழுந்தார்.

"என் யோசனையையே தள்ளுகிறீரா? உம்மை நாடுகடத்தினால் என்ன?"

வெண்காடர் எழுந்து கைகட்டி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு முன் இருந்தவர் ஒரு பாலத்துக்கு அனுமதி கொடுத்தார், பிரபு. அது சாய்ந்துவிட்டது. தாங்கள் அவரை ஊரைவிட்டே துரத்தினீர்கள். நான் நாலு பெண்களைப் பெற்றவன். ஒரு யோசனையைத் தள்ளிவிட்டால் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை."

ராஜா திரும்பிப் பார்த்தான். வாசலில் தேவநாதர் நின்றிருந்தார்.

"இது உமக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும், பிரபு. நான் சொல்லியிருந்தால் தங்களுக்குக் கோபம்தான் வந்திருக்கும்."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டான். துரத்தப்பட்ட அதிகாரியைத் திரும்ப அழைக்க ஆள் அனுப்பினான். "வெண்காடரே, வேலை உம்முடையதுதான். ஆனால் ஜனங்களுக்கு மூளையில்லை என்று சபையில் சொன்னீரல்லவா? இனி வாசலில் காத்திருப்பவர்களுக்கு உம் கையாலேயே மோர் ஊற்றும்."

சில வாரங்கள் கழித்து, ஊரே கூடியிருக்க, ராஜாவின் சக்கரத்தைக் கிணற்றடியில் நட்டார்கள். காற்று வந்தது. சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, அச்சு முறிந்து, கிணற்றுக்குள் விழுந்தது.

வெண்காடர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். ராஜா கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"அச்சு மெலிசு. வேறொன்று செய்து பார்ப்போம்," என்றான். "வெண்காடரே, அடுத்தது யாருடைய யோசனை? கூப்பிடும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். "என்னுடையதும் ஓடுமோ ஓடாதோ தெரியாது, மகாராஜா."

"பரவாயில்லை," என்றான் ராஜா. "சொல்லம்மா."