ஊசிப்புல் சரிவு

“இந்தப் புல்லு வளருத எடத்துல என்னால இருக்க முடியாதும்மா. நான் கீழ போறேன்.”

மூட்டையைக் கட்டிக்கொண்டேதான் சங்கரலிங்கம் இதைச் சொன்னார். வயது அறுபத்திரண்டு. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மலைச்சரிவில் புல் வேய்ந்த குடிசையில் தனியாக இருந்தார்.

“புல்லு உங்கள என்ன செஞ்சுது?” என்றார் குரு.

“மாடு மேய்க்குத எசக்கிகிட்ட விசாரிச்சேன். ஊசிப்புல்லு மரத்தடியில வராதாம். வெட்டவெளியில, அதுவும் அடிக்கடி எரியுத மண்ணுலதான் மண்டுமாம். இந்தச் சரிவு பூராவும் அதுதாம்மா நிக்கி.”

“ஆமா.”

“அப்பம் நாம எரியுத எடத்துலயா குடியிருக்கோம்?”

“ஆமா.”

சங்கரலிங்கம் மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

பயம் அவருக்குப் புதிதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தம்பி, சாப்பாட்டு நடுவில் பேசிக்கொண்டே இலைமேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்று பிடித்தது. பஸ் ஏறப் பயம், ஏறாமல் இருக்கப் பயம், விக்கல் வந்தால் பயம். அதைப் போக்கிக்கொள்ளத்தான் மலையேறி வந்தார். வந்த இடத்தில் மனுஷர் போயும் போயும் ஒரு புல்லுக்குப் பயந்துவிட்டார்.

ஆறு மாசமாக அவர் வேட்டியில் ஏறாத ஊசி இல்லை. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். அப்போதெல்லாம் அது வெறும் புல்விதையாகத்தான் இருந்தது.

குரு தடுக்கவில்லை.

“பாதித் தூரம் கூட வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

மாசி வெயில். இடுப்பளவு புல் காய்ந்து செம்பட்டையாக நின்றது. ஒற்றையடிப் பாதை இறங்கிய சரிவுக்கு ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். பாதி இறங்கியிருப்பார்கள், காற்று திரும்பியது.

முதலில் வாசனை வந்தது. பிறகு, கீழ்வளைவில் புகை.

மழைக்குப் புதுத்தளிர் வரட்டும் என்று மாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் காய்ந்த புல்லைக் கொளுத்துவார்கள். இந்த வருஷம் காற்று அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. தீ சரிவின் அகலத்துக்கு மேலே ஏறி வந்தது.

“மேல ஓடுவோம்மா!”

“நம்மள விட அது வேகமா ஏறும்.”

“அப்பம் என்ன செய்ய?”

குரு அவருக்குப் பின்னால் போனார். சங்கரலிங்கத்தால் தீயைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு முயல் அவர் காலில் இடித்துக்கொண்டு மேலே ஓடியது. கவுதாரிகள் பறந்தன. வேட்டி நனைந்து கால் வழியே வழிந்ததைக்கூட அவர் அறியவில்லை.

திடீரென்று முதுகிலும் சூடு.

திரும்பினார். அவர்கள் இறங்கி வந்த மேல்புறத்தில் புல் எரிந்துகொண்டிருந்தது. குரு அதன் ஓரத்தில் நின்றார்.

“ஐயோ! நீங்களா வச்சீய?”

“ஆமா.”

“மேல உங்க குடிசை இருக்கும்மா!”

குரு மேலே பார்க்கவில்லை. அவர் வைத்த தீ காற்றோடு சரிவில் ஏறியது. அது விட்டுப்போன இடம் கறுப்பாக, வெறுமையாக அகன்றது. குரு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஓரத்தில் முழங்காலளவு எரிந்த நெருப்பைத் தாண்டி அந்தக் கறுப்புக்குள் போய் நின்றார்.

“வாங்க.”

“அது தீம்மா!”

“எரிஞ்சு முடிஞ்ச எடம். வாங்கய்யா.”

பின்னால் ஆளுயரத் தீ. முன்னால் முழங்காலளவு. நிலம் அளந்தவர், இது தெரியாதா? தெரிந்தது. கால்தான் வரவில்லை.

மூட்டையில் ஒரு பொறி விழுந்து பற்றியது. அதை வீசிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்தார்.

“படுங்க! முகத்த மண்ணுல வைங்க!”

குருவின் கை அவர் பிடரியைப் பிடித்து அழுத்தியது. உள்ளங்கால் கொப்புளித்தது. மூக்குக்கு நேரே மண்ணில் ஒரு ஊசி. வால் கருகியிருந்தது, தலை, திருகாணிபோல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வேறெதையும் பார்க்கத் தைரியமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பெருந்தீ இரைந்துகொண்டு வந்தது. கறுப்பின் ஓரத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. பாறையை நக்கிக்கொண்டு ஒரு பக்கமும் பள்ளத்தை ஒட்டி ஒரு பக்கமுமாக மேலே போய்விட்டது.

சங்கரலிங்கம் தலையைத் தூக்கியபோது சரிவு முழுக்கக் கரி. மேலே, குடிசை இருந்த இடத்தில் நாலு கம்புகள் புகைந்தன.

உயிரோடிருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்ததும் வெட்கம் வந்தது.

“நான் கோழைம்மா. கண்ணு முன்னால மலை எரியுது, நீங்க ஒரு துளி பயம் இல்லாம நின்னீய. அந்த மனசு எனக்கு எப்பம்மா வரும்?”

குரு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். அதை வாங்கக் கை நீட்டியபோதுதான் கவனித்தார்: அது நிலையாக நிற்கவில்லை. குருவின் கை இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தார். காலி.

“நாலு குச்சி இருந்துது” என்றார் குரு. “மூணு, கை நடுங்குனதுல ஒடிஞ்சு போச்சு.”