பாப்பாயி பானையும் ஒடுக்குப்பாறையும்

ஒரு ஊர்ல, மழை வருஷத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்த்துட்டு ஓடிப்போற வறண்ட ஊர்ல, பாப்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் பேரு செம்மலை. ஊருக்குள்ளகூட வீடு கிடையாது, காட்டு நடுவுல ஒத்தைக் கொட்டாய். கூப்பிட்டா கேக்கறதுக்கு ஒரு வீடு இல்ல, நெருப்பு வாங்க ஒரு அடுப்பு இல்ல. ராகி, சாமை, வரகு எது விளைஞ்சாலும் ஒரே குதிர்ல கொட்டுவாங்க. தை மாசம் கொட்டினது அடுத்த தை வரைக்கும் வரணும். வராது, ஆனா வரணும்.

அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. ஆக்கின பானை காலியாகாம மறுபடி அடுப்பு மூட்டக் கூடாது. மிஞ்சினதைக் கொட்டவும் கூடாது, ஆடு மாட்டுக்கு வைக்கவும் கூடாது. மனுச வயித்துக்குள்ளதான் போகணும். மீறினா கெணத்துல தண்ணி கீழே இறங்கிடும்னு எல்லாருக்கும் அப்படி ஒரு பயம். பஞ்சத்துல பட்ட ஊரு, பயப்படாம என்ன செய்யும்?

இந்தச் செம்மலை இருக்கானே, அவனுக்கு நாக்கு ஏழு முழம். காலையில பாப்பாயி களி கிண்டி வைப்பா. "களி தொண்டையில அடைக்குது, சாமைச் சோறு ஆக்கு"ம்பான். பானை காலியானாத்தானே மறு உலை? பாப்பாயி அந்தக் களியைத் தின்னு முடிச்சுட்டு சாமையை உலையில போடுவா. "இதுல கல்லு கடிபடுது, வரகு கஞ்சி காய்ச்சு"ம்பான். சாமைச் சோத்தையும் தின்னு முடிச்சுட்டு வரகை ஏத்துவா. "கஞ்சியில புகைநாத்தம்"னு சொல்லி ரெண்டு வாய் குடிச்சுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடுவான். மிச்சக் கஞ்சியும் அவ வயித்துக்குத்தான்.

ஏய் பொடியா, கதை கேட்டுக்கிட்டே தட்டுல இருக்கற சுண்டைக்காயை எதுக்கு ஒதுக்கற? செம்மலைக்குத் தம்பியா நீ? கேளு.

இப்படியே வருஷம் ஏழு ஆச்சு. அவன் முருங்கைக் குச்சியாட்டம் நிக்கறான், இவ நாளுக்கு நாள் பருத்துக்கிட்டே போறா. அப்புறம் அவன் சொல்றான்: "நான் திங்கறது ரெண்டு வாய், நீ திங்கறது மூணு பானை. குதிர் எப்படி நிக்கும்? வாயைக் கட்டுடி." எப்படி இருக்கு பாரு நியாயம்! அவ வந்த அழுகையைக் கஞ்சியோட சேர்த்து முழுங்கிட்டா.

திட்டினதுகூட அவளுக்குப் பெருசில்ல. வேற ஒரு துக்கம் இருந்துச்சு. அவ பொறந்த ஊரு மலைக்கு அந்தப் பக்கம். சுத்திப் போனா மூணு நாள், வழியில சொட்டுத் தண்ணி கெடையாது. குறுக்கால ஒரே வழி ஒடுக்குப்பாறை. மலையே ரெண்டா வெடிச்ச மாதிரி ஒரு சந்து, பத்தடி நீளம், ஒரு ஆள் பக்கவாட்டுல நகர்ந்து நகர்ந்து போகலாம். கல்யாணமான புதுசுல பாப்பாயி அதுல அணிலாட்டம் போயிட்டு வருவா. இப்போ அவ நுழைய முடியல. அம்மாக்காரி நல்லாயி வரலாமேன்னு கேக்கறியா? அந்தப் பக்கத்துலேர்ந்து இடுப்பு உயரம் ஏறித்தான் நுழையணும். அந்தக் கிழவிக்கு முட்டி மடங்காது. சந்து ஓரமா, பாறை ஒரு முழம் கனமே இருக்கற எடத்துல, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஓட்டை, கை போற அளவுக்கு. அவ்வளவுதான்.

அமாவாசைக்கு அமாவாசை யாரும் ஏர் பூட்டமாட்டாங்க இல்லையா, அன்னைக்கு மத்தியானம் அம்மா அந்தப் பக்கம் வந்து உக்காருவா, மக இந்தப் பக்கம் உக்காருவா. ஓட்டையில கையை நீட்டி அம்மா கையைப் பிடிச்சுக்குவா. மூஞ்சி தெரியாது, கை மட்டுந்தான்.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேம்மா."

"யாரு கூட சாப்ட்ட?"

"அவருகூடத்தாம்மா."

பொய். ஏழு வருஷத்துல அவகூட உக்காந்து ஒரு வாய் தின்ன ஆளில்ல.

அந்தத் தை அமாவாசைக்கு அம்மா கை சுள்ளி மாதிரி இருந்துச்சு. "கண்ணு, வர்ற ஆடிக்கு மேல என்னால இவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதுக்குள்ள உன் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்"னு சொன்னா. பாப்பாயி "வர்றேம்மா"ன்னு சொல்லிட்டா. சொல்லிட்டாளே தவிர, எப்படிப் போவா?

அம்மா போனப்புறம் அங்கேயே உக்காந்திருந்தா. பாறை மேல ஒரு ஓணான். பேசறதுக்கு வேற யாரு இருக்காங்க, அதுகிட்டயே பேசினா. "ஓணானே, நான் குண்டுதானே?" ஓணான் தலையை ஆட்டுச்சு. "நான் பெருந்தீனிக்காரிதானே?" அதுக்கும் ஆட்டுச்சு. ஓணான் எதுக்குத்தான் ஆட்டாது! அப்புறம் அவ கேட்டா, "நான் திங்கறது எல்லாம் என் பசிக்குத்தானே?" ஓணான் ஆட்டல. அப்படியே அவளைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

பாப்பாயியும் அதையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் எழுந்து வீட்டுக்கு வந்தா.

மறுநாள் களி கிண்டினா. கொஞ்சமாத்தான் கிண்டினா, கூட முருங்கைக்கீரையும் கொள்ளுச் சாறும் வச்சா. புருஷனுக்கு முன்னாடி தனக்கு ஒரு உருண்டை எடுத்து, பசி தீர்ற வரைக்கும் தின்னு, கையைக் கழுவிட்டா. செம்மலை வந்தான். "களி தொண்டையில அடைக்குது, சாமைச் சோறு ஆக்கு."

"ஆக்கறேனுங்க. பானை காலியாகட்டும்."

"நீ தின்னு காலி பண்ணு."

"என் வயிறு ரொம்பிருச்சுங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஏழு வருஷத்துல அவ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. முதல் நாள் கோவிச்சுக்கிட்டுத் திங்கல. ரெண்டாம் நாள் அதே பானை, புளிச்சுப்போச்சு, திங்கல. மூணாம் நாள் வயிறு கத்துச்சு, வெளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட தின்னான். தின்னுட்டுச் சொன்னான்: "இனிமே உன் சோறே எனக்கு வேண்டாம். குதிர்ல இருக்கறதைப் பாதியாப் பிரி. எனக்கு நானே ஆக்கிக்கறேன்."

அப்புறம் ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு. கிழக்க பார்த்து அவ அடுப்பு, மேற்க பார்த்து அவன் அடுப்பு. முன்னாடி திட்டவாவது வாயைத் திறப்பான், இப்போ அதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் புகை வருது, நடுவுல ஒரு பேச்சு இல்ல. பாப்பாயிக்கு அந்த வீட்டுல இருக்கவே முடியல. கீரை பறிக்கப் போற சாக்குல பாறைக்குப் போயி ஓணானைப் பார்த்துட்டு வருவா.

செம்மலை கதை என்னாச்சுன்னா, களி கிண்டினான். கட்டி தட்டிப்போச்சு, பிடிக்கல. பிடிக்கலன்னா? பானை காலியாகணுமே! "பாப்பாயி, இதைத் தின்னுடு"ன்னான். "வயிறு ரொம்பிருச்சுங்க." தானே தின்னான். சாமை ஆக்கினான், குழைஞ்சுபோச்சு, பிடிக்கல, தானே தின்னான். வரகு காய்ச்சினான், அடிப்பிடிச்சுது, பிடிக்கல, அதையும் தானே தின்னான். நாளைக்கு மூணு பானை. நாக்கு மட்டும் கொறையல, ஏழு முழம் ஏழு முழந்தான்.

சித்திரை அமாவாசைக்குப் பாப்பாயி சந்துல நுழைஞ்சு பார்த்தா. தோள் போச்சு, மார் போகல. வைகாசி அமாவாசைக்கு மார் போச்சு, இடுப்பு போகல. வெளிய வந்து "அடுத்த தடவைம்மா"ன்னு சொன்னா. ஆனி அமாவாசைக்கு நுழைஞ்சா, நகர்ந்தா, நகர்ந்தா, முதுகெல்லாம் சிராய்ச்சுப்போச்சு, கண்ணை மூடிக்கிட்டு நகர்ந்தா. கண்ணைத் திறந்தா வெயிலு, அந்தண்டை வெயிலு. கீழே அம்மா உக்காந்திருக்கா.

ஒரு தலைமயிர்கூடக் கறுப்பு இல்ல. இத்தனூண்டு ஆயிட்டா. மகளைப் பார்த்துட்டு அழல. பக்கத்துல இருந்த கலயத்தை எடுத்து வச்சு, "வா, உக்காரு, நானும் இன்னும் திங்கல"ன்னா. ஒரே கலயம், ரெண்டு கை. கூழும் சுட்ட மொளகாயும். பாப்பாயி முதல் வாய்க்கு எடுத்ததைக் கலயத்துலயே திரும்ப வச்சுட்டா. "அம்மா, நான் பொய் சொன்னேன். என்கூட யாரும் சாப்ட்டதில்லம்மா"ன்னா. "தெரியும் கண்ணு. அதான் தடவைக்குத் தடவை கேட்டேன்"னு சொன்னா அம்மா.

அப்புறம் பாப்பாயி திரும்பிப் போகல. அம்மாவுக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டு, கூட உக்காந்து தின்னுக்கிட்டு அங்கேயே இருந்துட்டா.

இங்கே செம்மலையோட பாதிக் குதிர் காலி, பாப்பாயி விட்டுட்டுப் போன பாதியும் காலி. தையா வந்துருச்சு? ஆவணிதான்! பசி தாங்காம ஒடுக்குப்பாறைக்கு ஓடி வந்தான். நுழையப் பார்த்தா தோளே போகல. மூணு தடவை முட்டினான், மூணு தடவையும் பாறை "வயிறு ரொம்பிருச்சுங்க"ன்னு சொன்ன மாதிரி வெளிய தள்ளிருச்சு. சுத்திப் போக மூணு நாள், அந்த உடம்பை வச்சுக்கிட்டு மூணு நாழி நடக்க முடியாது. ஓட்டையில கையை விட்டுக்கிட்டு, "பாப்பாயி, பாப்பாயி"ன்னு கத்தினான்.

கேட்டவங்க யாரோ போய்ச் சொல்ல, பாப்பாயி வந்தா. அந்தக் கையைப் பார்த்தா. ஒரு உருண்டை களியை அதுல வச்சா. கை உள்ளே போச்சு. "உப்பு..."ன்னு ஒரு குரல் வந்துச்சு. அப்புறம் அந்தக் குரலு தானா அடங்கிப்போச்சு. தின்னுட்டான். தினம் ஒரு உருண்டை, அதுக்கு மேல கிடையாது. அவ வச்சுட்டு உடனே போயிடுவா, அம்மா தின்னாம காத்திருப்பா இல்ல?

கார்த்திகையில அம்மா செத்துப்போனா. காரியமெல்லாம் முடிஞ்சு மறுநாள் பாப்பாயி களி கிண்டினா. பழக்கத்துல ரெண்டு ஆளுக்குக் கிண்டிட்டா. கலயத்தைத் தூக்கிக்கிட்டுப் பாறைக்கு வந்தா. ஓட்டையில கை காத்திருந்துச்சு, முன்னை மாதிரி மெலிஞ்சிருந்துச்சு. உருண்டையை வச்சா. கை உள்ளே போகல. அங்கேயே நின்னுச்சு.

"நீ சாப்ட்டியா?"ன்னு கேட்டான் செம்மலை.

அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாப்பாயி கலயத்தைக் கீழே இறக்கி வச்சா. அப்புறம், "இனிமேத்தானுங்க"ன்னா.

கை களியோட உள்ளே போச்சு. அவ அங்கேயே உக்காந்தா. மறுபக்கம் அவன் உக்கார்ற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் தின்னாங்க, நடுவுல பாறை. அவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தின்னது அன்னைக்குத்தான்.

அப்புறம் அவன் மெலிஞ்சு நுழைஞ்சு வந்தானான்னு கேக்காதீங்க, எனக்குச் சொன்னவங்க அதைச் சொல்லல. கதை காலி, கலயமும் காலி. வயிறு ரொம்பினவங்க கை கழுவலாம். ஆனா எழுந்திருக்காதீங்கடா, உங்க சித்தி இப்பத்தான் தட்டு போட்டுக்கிட்டு உக்கார்றா. அவ தின்னு முடிக்கிற வரைக்கும் கூட உக்காருங்க.