குருபூசை அடுப்பு

“அந்த அடுப்புல சாமிக்குப் பொங்கல் வைக்க மாட்டேன்” என்றார் பழனியாண்டி.

மடத்துச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. மறுநாள் குருபூசை. எதிரே உட்கார்ந்திருந்த தவமணி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் மடத்துக்கு அவர்தான் குரு.

மூன்று மாதமாகப் பந்தியில் இலையோடு மிஞ்சுகிற சோறும் குழம்பும் கொல்லைத் தொட்டிக்குப் போகின்றன. அங்கே புளித்து வாயுவாகிக் குழாய் வழியே அடுப்புக்கு வருகிறது. அதில் ஊராருக்குச் சோறு வடிக்கிற வரைக்கும் பழனியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நைவேத்தியத்துக்கும் அதே வாயுதான் என்றதும் கொதித்துப் போனார்.

கண்டவர்கள் தின்ற எச்சிலில் சாமிக்குச் சமையலா? விறகு தராவிட்டால் இன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவேன் என்றார். பன்னிரண்டு வருடம் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய மனிதர்தான், இப்போது அதே விறகுக்காகச் சண்டைக்கு நின்றார்.

வாயு அடுப்புக்கு எப்படி வருகிறது என்று அம்மை கேட்டார்.

தெரியாதது போலக் கேட்கிறாரே என்று பழனியாண்டிக்கு எரிச்சல். ஆனாலும் சொன்னார். தொட்டியிலிருந்து வருவது முதலில் தண்ணீருக்குள் புகுந்து வரும். எரியாத வாயு அங்கேயே தங்கிவிடும். பிறகு துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய உருளை. அழுகல் நாற்றத்தைத் துரு பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் ஈரத்தையும் எடுத்துவிட்டுத்தான் அடுப்புக்கு விடுவார்கள்.

“இப்ப நாத்தம் இருக்கா?”

“இல்ல.”

“பாத்திரத்துல கரி?”

“இல்ல. நீலமா எரியுது.”

“அப்புறம் என்ன குறை?”

பழனியாண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“எத்தனை தடவை கழுவினா என்னம்மா? பொறந்த எடத்தைக் கழுவ முடியுமா? சாமிகிட்ட அது வரக் கூடாது.”

அந்தப் பேச்சு அம்மைக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தை அவர் மறைக்கவில்லை.

“பொறந்த எடத்தைக் கழுவ முடியாதுன்னு உங்ககிட்ட மொதல்ல சொன்னது யாரு?”

பழனியாண்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்க ஊர்க் கோயில்ல பூசை பண்றவரும்மா. என்னை உள்ள விடாம வாசல்லயே நிறுத்திச் சொன்னாரு. அப்ப எனக்குப் பதினேழு வயசு. குளிச்சிட்டு, ஈர வேட்டியோட போயிருந்தேன்.”