நீலத்துக்கு மேல் வெள்ளை

“தண்டலம்மா, என் படகை ஏன் யாரும் நின்னு பாக்க மாட்டேங்காங்க?”

கேட்டவர் ஆறுமுக நயினார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பதில் சொல்ல வேண்டிய ஆன்சிலா மொராயிஸுக்கு நாற்பதுதான் இருக்கும்.

ஆன்சிலா ஒரு கயிற்றின் நுனி பிரிந்துவிடாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மதினிக்குக் கண்ணு எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“அதுக்கென்ன, பரவாயில்ல. நான் படகைப் பத்திக் கேட்டேன்.”

“நானும் படகைப் பத்தித்தான் கேக்கேன்” என்றார் ஆன்சிலா.

நயினாருக்குப் புரியவில்லை. குரு என்று ஆனபின் இப்படி ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

தூத்துக்குடியில் தோணியைக் கொண்டுசெலுத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். ஆன்சிலாவிடம் தோணி கிடையாது. இரண்டு பேர் படுத்துக்கொள்ள ஒரு சின்ன அறை உள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றுதான் உண்டு. அதில் தனி ஆளாக மாலத்தீவு வரை போய்த் திரும்பி வந்தார் என்பதால் துறையில் இருந்தவர்களே அவரைத் தண்டலம்மா ஆக்கிவிட்டார்கள்.

காற்றைப் பிடிக்கவும் பாயைத் திருப்பவும் கற்றுக்கொள்ள அவரிடம் ஆட்கள் வருவார்கள். அவர்களில் மூத்தவர் நயினார். முரண்டு பிடிப்பதிலும் அவர்தான் மூத்தவர். உப்பளங்களை மகன் கையில் கொடுத்துவிட்டு, வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆன்சிலாவின் படகில் பெயிண்ட் உரிந்திருக்கும். பாயில் ஒட்டுப் போட்டிருக்கும். ஆனால் சாயங்காலம் அது துறைக்குள் வரும்போது, டீ குடிப்பவர்கள் கிளாஸைக் கீழே இறக்குவார்கள். வலை பின்னுகிறவர்கள் கையை நிறுத்துவார்கள். ஒரு நாள் நயினாரும் அப்படி நின்று பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பொறாமை அது.

படகு கட்டியது பொறாமையால் அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும்.

நயினாரின் மனைவி பிரமு பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊரில். கடலைப் பார்க்காமல் ஒரு நாள் போனதில்லை. ஆனால் கடலுக்குள் போனதே இல்லை.

கண் டாக்டர் பிரமுவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். போனது திரும்பாது, சொட்டு மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பிரமு அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்:

“கடலுக்குள்ள போயி, அங்கேருந்து நம்ம ஊரை ஒரு தடவ பாக்கணுங்க.”

“நம்ம படகுலயே போவோம்” என்றார் நயினார்.

பிரியமாகச் சொன்ன வார்த்தைதான். மறுநாளே படகு கட்டும் ஓடாவியைப் போய்ப் பார்த்தார்.

படகு உருவானது. நீல பெயிண்ட் அடித்துக் கடற்கரையில் ஓலைக் கொட்டகையில் நின்றது. பிரமு வந்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, துண்டு துண்டாக அதை முழுக்கப் பார்த்தார். நல்லாருக்கு என்றார். எப்போது போகிறோம் என்று கேட்டார்.

நயினார் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். நீலம் கடலோடு கலந்துவிடும், யார் கண்ணிலும் படாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு என்றார்.

நீலத்தைச் சுரண்டினார்கள்.

அதன்பின் ஆன்சிலாவிடம் கேள்விகளாகக் கேட்டார். ஆன்சிலாவும் தெரிந்ததை ஒளிக்கவில்லை. முகப்பிலிருந்து பின்பக்கம் வரை மேல்விளிம்பு ஒரே வளைவாக ஓட வேண்டும், பார்க்கிறவன் கண் வழியில் எங்கேயும் இடறக் கூடாது என்றார். பாய்மரம் இம்மி பின்னால் சாய்ந்திருந்தால் நிற்கும்போதுகூடப் படகு கிளம்புகிற மாதிரி இருக்கும் என்றார். மேலே சாமான்களை அடைக்காதீர்கள், வெறுமையாக விடுங்கள் என்றார்.

நயினார் ஒவ்வொன்றையும் கொட்டகைக்குக் கொண்டுபோனார். மேல்பலகையைக் கழற்றி மாட்டினார்கள். பாய்மரத்தைப் பிடுங்கி நட்டார்கள். பித்தளைக் கொக்கிகள் வந்தன. ஓடாவி இரண்டு முறை கோபித்துக்கொண்டு போய், இரண்டு முறை திரும்பி வந்தார்.

ஒவ்வொரு தடவையும் ஆன்சிலா கடைசியில் கேட்பார்:

“மதினிக்குக் கண்ணு எப்படி இருக்கு?”

ஒவ்வொரு தடவையும் நயினார் பரவாயில்ல என்பார். விடிந்தால் கொட்டகை, பொழுதடைந்தால் வீடு. சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்வதாகப் பிரமு சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வேலைக்காரப் பெண்ணோடு போய் வந்தார். நயினாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் ஆன்சிலா தானாகவே சொன்னார்.

“நாளைக்குக் காத்து நல்லாருக்கும். மதினியக் கூட்டிட்டு வாங்க. என் படகுல போயி ஊரைப் பாத்துட்டு வந்துருவோம்.”

நயினாருக்குச் சுருக்கென்றது.

“அவ மொத மொதல்ல ஏறுறது எங்க படகாத்தான் இருக்கணும் தண்டலம்மா.”

மறுநாள் ஆன்சிலா பாயை விரித்து வைத்துக்கொண்டு துறையிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று விழும்வரை இருந்துவிட்டு, பாயைச் சுருட்டினார். நயினார் அதைக் கொட்டகையிலிருந்து பார்த்தார். பெரிய பிடிவாதக்காரி என்று ஓடாவியிடம் சொன்னார். யாரைச் சொன்னார் பாருங்கள்.

வெள்ளை அடித்தாகிவிட்டது. ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும். பச்சையா, சிவப்பா என்று ஆன்சிலாவிடம் போய் நின்றார்.

“மதினிகிட்ட கேட்டுட்டு வாங்க” என்றார் ஆன்சிலா.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டார். பிரமு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். விரல்கள் நிற்கவில்லை.

“நீங்க பாத்துச் செய்யுங்க. உங்க கண்ணு பாத்தா போதும்.”

நயினாருக்குப் பெருமையாக இருந்தது. என் பொண்டாட்டிக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று வந்து சொன்னார்.

“உங்க முகத்தப் பாத்துச் சொன்னாங்களா அண்ணாச்சி?”

நயினார் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. கோட்டுக்குச் சிவப்பே எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கச்சான் காற்று வந்தது. நிலத்தைத் தொட்டு வரும் சூட்டுக்காற்று. உப்பளக்காரர்களுக்கு அது நல்ல காலம், பாத்திகள் மளமளவென்று காயும். கொட்டகைக்குள்ளும் அந்தக் காற்றுதான் அடித்தது. நயினார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் வேலை முடிந்தது. உப்புக் குவியல் மாதிரி கண் கூசும் வெள்ளையில் படகு நின்றது. ஊரிலிருந்து ஆட்கள் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நயினார் ஆன்சிலாவை அழைத்து வந்தார்.

“இப்பம் சொல்லுங்க தண்டலம்மா.”

ஆன்சிலா படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேல்விளிம்பில் கையை ஓட்டினார். அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

குடம் வந்தது. படகுக்குள் ஏறி, தண்ணீரை அடித்தளத்தில் ஊற்றினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வெள்ளை பெயிண்டில் முத்து முத்தாக ஈரம் கோத்தது. பலகைக்குப் பலகை, சந்துக்குச் சந்து, தண்ணீர் வழிந்து மணலில் இறங்கியது. குடத்துத் தண்ணீர் முழுக்க வெளியே வந்துவிட்டது.

“கரையிலயே ரொம்ப காலம் இருந்துட்டு அண்ணாச்சி. மரம் காஞ்சு, பலகைக ஒண்ண விட்டு ஒண்ணு விலகிட்டு. பெயிண்ட் மறைச்சிருக்கு.”

நயினார் அந்த ஈர மணலையே பார்த்தார்.

“என்ன செய்ய?”

“தண்ணியில முக்கிப் போடணும். குடிச்சு ஊறினா பலகைக தானா நெருங்கிரும்.”

முக்கினார்கள். ஆழமில்லாத இடத்தில் தள்ளிக் கட்டினார்கள். படகு மெதுவாகத் தண்ணீர் குடித்து, சாய்ந்து, விளிம்பு வரை உட்கார்ந்தது. சிவப்புக் கோடு சேற்றுக்குள் போனது. டீக்கடையில் இருந்தவர்கள், வலை பின்னுகிறவர்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் நயினாரின் படகை அவர்கள் நின்று பார்த்தார்கள்.

நயினார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மரம் ஊறியபின் தண்ணீரை இறைத்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் வெள்ளை பழுப்பாகியிருந்தது, வார்னிஷ் கொப்புளம் விட்டிருந்தது, பித்தளையில் பாசி நிறம். கரையேற்றி ஒரே ஒரு கோட்டிங் அடித்துவிடுகிறேன், பிறகு போகலாம் என்றார் நயினார்.

ஆன்சிலா படகின் கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“மதினியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி.”

நயினார் அவர் முகத்தைப் பார்த்தார். கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரமுவைக் கூட்டிவர வீட்டுக்குப் போனார்.

பிரமு கல்யாண வீட்டுக்குக் கட்டும் பட்டுச்சேலையில் வந்தார். நயினாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார். தண்ணீரைக் கண்ட பயம் என்று நயினார் நினைத்தார். சுக்கானை ஆன்சிலா பிடித்தார்.

பாய் காற்றை வாங்கி விம்மியது. படகு ஒரு பக்கம் சரிந்து, சேறு படிந்த உடம்போடு துறையை விட்டு ஓடியது. நயினார் திரும்பிப் பார்த்தார். டீ கிளாஸ்கள் கீழே இறங்கியிருந்தன. வலைக்காரர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

“எல்லாரும் நம்ம படகப் பாக்காங்க பிரமு.”

“பாக்கட்டும்” என்றார் பிரமு. தெறித்து விழுந்த தண்ணீரைத் துடைக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நயினாருக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை காலம் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்தார்.

தூரம் போனபின் ஆன்சிலா படகைத் திருப்பினார்.

ஊர் தெரிந்தது. மாதா கோயிலின் கோபுரம், கிரேன்கள், புகைபோக்கிகள், ஓரமாக உப்புக் குவியல்கள், எல்லாம் தண்ணீரின் மேல் எடுத்துவைத்தது போல இருந்தன. நயினாரும் அதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“பிரமு, அங்க பாரு. நம்ம ஊரு.”

பிரமு ஆவலோடு முகத்தைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

“அழகா இருக்குங்க” என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஊர் இல்லை. வெறும் கடல்தான் இருந்தது.

பாய் ஒரு தடவை படபடத்தது. ஆன்சிலா அதைச் சரி செய்துவிட்டு, பிரமு பார்த்த அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நயினார் பிரமுவின் முகத்தைப் பார்த்தார்.

“எப்பத்துலேருந்து பிரமு?”

பிரமுவின் கை பலகைமேல் தடவித் தடவி வந்து அவர் கையைக் கண்டுபிடித்தது.

“நீலத்தச் சுரண்டிட்டு வெள்ளை அடிச்சீங்கள்லா. அந்த வெள்ளைய நான் பாக்கலைங்க.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“ஆசையாச் செஞ்சுக்கிட்டு இருந்தீங்க.”

பிரமு அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“நீலத்தப் பாத்தேன்” என்றார். “நல்லாத்தான் இருந்துச்சு.”