சாம்பல் போகாத ஜாடி

சுத்தத்துக்காகத் தன் உயிரை விடுகிறவர்கள் உண்டு. அடுத்தவர் உயிரை வாங்குகிறவர்களும் உண்டு. தாழையூர் மன்னர் அழகுமாறன் இரண்டாவது ரகம். சிம்மாசனத்தில் உட்காருமுன் அதை விரலால் தடவிப் பார்ப்பார். தூசி ஒட்டினால் அன்றைக்கு யாருக்கோ கிரகம் சரியில்லை என்று அர்த்தம்.

அவர் சபைக்கு ஒருநாள் கப்பல் வியாபாரி மீரான் மரைக்காயர் வந்தார். ஜப்பான் தேசத்துப் பிரபு ஒருவர் மன்னருக்கென்று அனுப்பிய பூஜாடியைக் கொண்டுவந்திருந்தார். கையால் வனைந்த ஜாடி. ஒரு தோள் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கழுத்திலிருந்து சாம்பலும் பச்சையுமாக ஏதோ வழிந்து, பாதி வழியில் அப்படியே உறைந்து நின்றிருந்தது. கப்பல் தூசி போகட்டும் என்று பாத்திரம் விளக்கும் செங்கமலத்திடம் கொடுத்து, கழுவிய பிறகே சபையில் வைத்தார்கள்.

மன்னர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "மணியக்காரரே, என்னய்யா இது?"

அரண்மனை மணியக்காரர் பைரவமூர்த்தி எட்டிப் பார்த்தார். "சாம்பல் மகாராஜா! சாம்பல் போட்டு விளக்கிட்டு, அலசாமலே கொண்டாந்து வெச்சிருக்கா அந்தச் செங்கமலம்."

பாவம், தாழையூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாம்பல் போட்டு விளக்காத பாத்திரம் அந்த ஊரில் ஏது?

மரைக்காயர் பதறிப்போனார். "ராஜா, அது அழுக்கில்லீங்க! அவங்க சூளை ராப்பகலா எரியும். விறகுச் சாம்பல் பறந்து வந்து ஜாடி மேல உட்காரும். அந்தச் சூட்டுல உருகிக் கண்ணாடியாயிடும். அதுதான் இதுக்கு அழகே!"

"சாம்பல் கண்ணாடியாகுமா?" மன்னர் சிரித்தார். "என் சமையல்காரன் பிறந்ததிலேருந்து அடுப்புச் சாம்பல்லதான் உட்கார்ந்திருக்கான். அவன் இன்னும் கண்ணாடியாகலையே!"

செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள். அவள் புளி போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. செங்கல் தூள் போட்டாள். போகவில்லை. யானையைக் குளிப்பாட்டும் மாவுத்தன் வந்து தன் பங்குக்குத் தேய்த்தான். அரண்மனை மல்லன் தொடை தட்டிவிட்டு வந்து தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் பளபளவென்று மின்னியதே தவிர, இம்மியும் குறையவில்லை.

"என்னைப் பார்த்துப் பல்லிளிக்குதய்யா!" என்று கத்தினார் மன்னர். "சாம்பல் ஒட்டின எதுவும் என் அரண்மனையில இருக்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள தேய்ச்சு எடுக்கணும். முடியலேன்னா இவ வேலையை விட்டுப் போகட்டும்!"

பைரவமூர்த்திக்கு வாயெல்லாம் பல். அந்த வேலையில் தன் மச்சினியை உட்காரவைக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். "சாம்பல் ஒட்டின எதுவும்! ஆகா! இதை இப்பவே பறையடிச்சு அறிவிக்கிறேன் மகாராஜா. தடுக்கிறவனுக்குச் சவுக்கடின்னும் சேர்த்துக்கிறேன்."

சபையின் ஓரத்தில் தில்லைக்கூத்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மன்னரைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். அன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை. வேலை போனால் செங்கமலத்துக்குக் கொல்லைப்புறத்துக் குடிசையும் போய்விடும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? வெளியே பறைச் சத்தம் கேட்டது. கூத்தர் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். பிறகு, மூலையில் அழுதுகொண்டிருந்த செங்கமலத்திடம் போனார்.

"தாயி, அழுகையை நிறுத்து. புளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கிட்டு என் பின்னாடி வா."

"அந்த ஜாடியில இனிமே தேய்க்க என்ன சாமி இருக்கு?"

"ஜாடி கிடக்கட்டும். வேற பாத்திரம் இருக்கு."

பொழுது சாய்கிற நேரம். சபை கூடியிருந்தது. கூத்தர் நேராக மணியக்காரரிடம் போய் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தார். பைரவமூர்த்தி ஊரறிந்த சிவபக்தர். நெற்றி, மார்பு, தோள், முழங்கை என்று ஓரிடம் விடாமல் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டுதான் சபைக்கு வருவார்.

"இதிலேருந்து ஆரம்பிப்போம்" என்று கூத்தர் அவர் முழங்கையில் புளியை அப்பினார். செங்கமலம் அதன்மேல் நாரை வைத்தாள்.

"ஐயோ! என்னய்யா பண்றே!"

"சாம்பல் ஒட்டின எதுவும்னு நீங்கதானே பறையடிச்சீங்க? தடுத்தா சவுக்கடி. அசையாம நில்லுங்க." கூத்தர் அப்படியே சிம்மாசனத்தைத் திரும்பிப் பார்த்தார். "மகாராஜா, நீங்களும் தயாரா இருங்க. அடுத்தது உங்க நெத்திதான்."

மன்னர் சட்டென்று இரண்டு கையாலும் தன் நெற்றித் திருநீற்றை மூடிக்கொண்டார்.

பைரவமூர்த்தி உச்சஸ்தாயியில் அலறினார். "இது அழுக்காய்யா? நெருப்புல வெந்து சுத்தமான சாம்பல்! தரிச்சவனுக்கு அழகு! இதைப் போயி எந்த மடையன்யா தேய்க்கச் சொல்லுவான்?"

கூத்தர் பிடியை விட்டுவிட்டுக் கைகூப்பினார். "மன்னிக்கணும் மணியக்காரரே, திருநீறு அழுக்கில்லேன்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க இப்ப அந்த ஜாடிக்காகத்தான் வாதாடியிருக்கீங்க. அதுவும் நெருப்புல வெந்த சாம்பல். அதுக்கும் அழகு. எந்த மடையன் தேய்க்கச் சொன்னான்னு மட்டும் எனக்குச் சொல்ல வரலை." அவர் மன்னரைப் பார்த்தார். "மகாராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

மன்னர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். ஜாடியைப் பார்த்தார். பைரவமூர்த்தியைப் பார்த்தார். குபீரென்று சிரித்தார், சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்து காதில் வந்து நின்றது.

"தெரியும்யா, எனக்கு நல்லாவே தெரியும்! ஜாடியில தாமரையை வெச்சு இங்கேயே வைங்க. கூத்தரே, இந்தாரும்" என்று தன் முத்து மாலையைக் கழற்றிக் கொடுத்தார். "செங்கமலம், நீ இருக்கிற வரைக்கும் இந்த வேலையும் அந்தக் குடிசையும் உன்னுடையதுதான். இன்னும் என்ன வேணும், கேளு."

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புளி வழிய நின்ற மணியக்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் வேணாம் ராசா. இவரை மட்டும் ஒரு குடம் தண்ணி ஊத்தி அலசிட்டுப் போயிடறேன். அப்படியே விட்டுட்டுப் போனா, அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."