தேவாங்கு மெல்ல நடக்க ஆரம்பித்த கதை

அந்தக் காலத்தில், காட்டில் உள்ளதெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கிளைவிட்டுக் கிளை பாய்வதில் தேவாங்கை மிஞ்ச ஆள் கிடையாது. சிரிக்க வேண்டாம். இன்று ஒரு கிளையைக் கடக்க அரைப்பொழுது எடுத்துக்கொள்கிற அதே தேவாங்குதான். கண்ணும் அப்போது மற்றவர்களைப் போல அளவாகத்தான் இருந்தது.

மலையடிவாரத்து உசிலமரம் ஒன்றில் பொம்மி என்ற தேவாங்கு தன் குட்டி சுழியனோடு குடியிருந்தாள். சுழியன் பெயருக்கேற்ற பிள்ளை. ஓரிடத்தில் இருக்க மாட்டான். பொம்மி பூச்சி பிடிக்கப் பதுங்கினால் பின்னாலிருந்து தொம்மென்று குதிப்பான், பூச்சி பறந்துவிடும். பக்கத்து மரத்து மந்திக் குட்டிகளோடு சேர்ந்துகொண்டால் மரமே ஆடும். புறா வந்து முறையிடும், அணில் வந்து முறையிடும். தகப்பன் இல்லாத பிள்ளை வேறு. பொம்மி ஒருத்தியே இரை தேடி, பிள்ளையையும் பார்த்து, ஏச்சும் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒருநாள் பாறைச் சரிவில் ஒரு காக்காப்பொன் பலகை அவள் கண்ணில் பட்டது. ஏடு ஏடாக உரிந்து மினுமினுக்குமே, அந்தக் கல். வெயில் விழுந்ததும் அதற்குள் நிறம் நிறமாக ஏதேதோ ஓடியது. பறவைகள் பறந்தன, மீன்கள் நீந்தின, யார் யாரோ ஆடினார்கள். சுழியனை அதன் முன்னால் உட்கார வைத்தாள். பிள்ளை அப்படியே அடங்கிப் போனான். அன்றைக்குத்தான் பொம்மி வயிறார இரை எடுத்தாள், மத்தியானம் கொஞ்சம் கண்ணும் அசந்தாள்.

மறுநாளும் உட்கார வைத்தாள். பிறகு அவனே போய் உட்கார்ந்தான். பொம்மி கரையானைக் கொண்டுவந்து நீட்டினால், கல்லை விட்டுத் திரும்பாமலே வாயை மட்டும் திறப்பான். என்ன தின்றான் என்று அவனுக்கே தெரியாது. மந்திக் குட்டிகள் மூன்று நாள் வந்து விளையாடக் கூப்பிட்டன. நான்காம் நாள் வரவில்லை. புறாவும் அணிலும், பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போயின. பொம்மிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. குட்டியின் கைகால் குச்சியாய் மெலிந்ததையும், கண் நாளுக்கு நாள் அகன்றதையும் அவள் பார்த்தாள். வளர்கிற பிள்ளை, சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் மலைப்பாம்பு பாறைமேல் ஏறி வந்தது. மரத்திலிருந்து பொம்மி கத்தினாள். இரண்டு தடவை அவன் காதில் விழவே இல்லை. மூன்றாம் தடவை திரும்பினான், பாம்பைப் பார்த்தான், தலைக்கு மேலிருந்த கிளைக்குத் தாவினான். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாவிய கிளைதான். கை கிளையைத் தொட்டது, ஆனால் விரல்களில் பிடிக்க வலு இல்லை. பொத்தென்று பாம்பின் முன்னாலேயே விழுந்தான்.

பக்கத்து மரத்து மந்தி கரியாத்தா குதித்து அவனை வாரிக்கொண்டு போயிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாம்பு போன பிறகு குட்டியைக் கிளையில் விட்டுப் பார்த்தார்கள். அவனால் நிற்க முடியவில்லை. உன் பிள்ளைக்கு என்ன வியாதி என்று கரியாத்தா கேட்டாள்.

"வியாதி இல்ல மதினி," என்றாள் பொம்மி. "நான்தான் உக்கார வச்சேன். எனக்குத் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு நான்தான் உக்கார வச்சேன்."

சொன்னவள் நேரே பாறைக்குப் போய், அந்தக் கல்லைத் தோளால் முட்டி முட்டிப் பள்ளத்தில் உருட்டிவிட்டாள். அது விழுந்து சுக்குநூறாகிப் போனது. சுழியன் மூன்று நாள் அழுதான். இனி உன்னோடு பேச மாட்டேன் என்றான். பகல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றான். பொம்மியும் கூடவே அழுதாள். ஆனால் இன்னொரு கல்லைத் தேடிப் போகவில்லை.

நான்காம் நாள் பொழுது சாய்ந்ததும் அவனைக் கிளைக்குக் கூட்டிப் போனாள். ஒரே பாய்ச்சலில் மரத்தைக் கடந்து பழகியவள், மூன்று கால்களால் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் மெல்ல முன்னால் வைத்தாள்.

"இப்படிப் பிடிச்சுக்க. அவசரமே இல்ல. அம்மா பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள்.

கரியாத்தா தன் குட்டிகளை அனுப்பி வைத்தாள். கிளையை ஆட்டக் கூடாது என்று அவற்றுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவை வாலைத் தொங்கவிட்டு, பிடி பார்க்கலாம் என்று அவனுக்கு விளையாட்டுக் காட்டின. முதல் நாள் ஒரு முழம் நகர்ந்தான். மறுநாள் அதுவும் இல்லை, சோர்ந்து படுத்துவிட்டான். ஒரு மாதம் கழித்து ஒரு வாலை எட்டிப் பிடித்துவிட்டுச் சுழியன் சத்தமாகச் சிரித்தான். பிள்ளையின் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் பொம்மிக்கு உறைத்தது.

பிடிமானம் வந்ததே தவிர, பழைய பாய்ச்சல் வரவே இல்லை. பொம்மியால் அப்போதும் பாய முடியும். ஆனால் அவள் பாய்ந்தால் அவன் தனியே பின்தங்கிப் போவான். அதனால் அவள் அதற்கப்புறம் ஒருநாளும் பாயவில்லை. பிற்பாடு அவளுக்குப் பிறந்த குட்டிகளுக்குக் கைகாலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டா வளர்கின்றன? அம்மா நடப்பதைப் பார்த்து அவையும் அப்படியே நடந்தன. இருட்டில் வழி பார்த்துப் பார்த்து அவற்றின் கண்ணும் அகன்றது.

அன்று முதல்தான் தேவாங்குக் கூட்டம் முழுவதும், பொழுது சாய்ந்த பிறகு, சுழியனின் நடையில் நடக்கிறது.