கால் முந்தியா, முட்டை முந்தியா?

ஏரிக்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அவற்றில் ஒன்றை நரி மிதித்து உடைத்துவிட்டது. மீதி மூன்றுமாவது பிழைக்க வேண்டுமே! நரியைக் கரையைவிட்டே விரட்டச் சொல்லி, நீதிபதி ஆமையிடம் முறையிடப் பறந்தது தாய்ப்பறவை.

அங்கே வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டில் வெளிச்சம் ஆற அமர நடந்து வரும். ஆனால் பார்ப்பவர் நின்றாலும் பறந்தாலும் அதன் வேகம் மட்டும் மாறவே மாறாது. அன்று காலை மழையில் கிழக்குக்கரைப் பனையிலும் மேற்குக்கரைப் பனையிலும் மின்னல் விழுந்திருந்தது. எது முதலில் விழுந்தது என்பதுதான் வழக்கு.

"நான் ஏரியின் நட்ட நடுப் பாறையில் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான் விழுந்தன!" என்றது ஆமை.

"நான் உங்கள் தலைக்கு மேலே கிழக்குப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தேன், ஐயா. வெளிச்சம் வந்த தூரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டேன். கிழக்குதான் முதலில்!" என்றது மீன்கொத்தி.

ஆமை தீர்ப்புச் சொன்னது: "நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. இருந்தவருக்கு ஒரு வரிசை, பறந்தவருக்கு ஒரு வரிசை. இரண்டும் சரி!"

ஆட்காட்டியின் பின்னாலேயே வந்து நின்ற நரிக்கு வாயெல்லாம் பல். "அப்படியென்றால் என் வழக்கும் முடிந்தது! முட்டை உடைந்தபோது நானும் ஓடிக்கொண்டுதானே இருந்தேன்? என் பார்வையில் முட்டை முதலில் உடைந்தது. அப்புறம்தான் என் கால் பட்டது!"

கூடியிருந்த கொக்குகள் தலையாட்டின. ஆனால் ஆட்காட்டி லேசுப்பட்ட பறவையா? சட்டென்று மீன்கொத்தியிடம் திரும்பியது.

"அண்ணே, ஒரு மின்னலால்தான் இன்னொரு மின்னல் விழுந்ததா?"

"இல்லை, தங்கச்சி. ஒன்றின் சேதி மற்றதைப் போய்ச் சேருமுன்பே இரண்டும் விழுந்துவிட்டன. வெளிச்சத்தை முந்திக்கொண்டு எந்தச் சேதி போகும்?"

"என் முட்டை எதனால் உடைந்தது?"

"நரி மிதித்ததால்."

"நீங்கள் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் பறந்தாலும், முட்டை உடைந்த பிறகு கால் விழுவதைப் பார்க்க முடியுமா?"

"ம்ஹூம்! தலைகீழாகப் பறந்தாலும் முடியாது!"

ஆமை கழுத்தை முழுசாக வெளியே நீட்டியது. மனம் குளிர்ந்தால் அது அப்படித்தான் செய்யும். "இத்தனை வருஷம் பாறைமேல் உட்கார்ந்தும் எனக்கு இது தோன்றவில்லையே! கெட்டிக்காரி நீ!" என்று மெச்சியது.

அன்றே நரி வாலைச் சுருட்டிக்கொண்டு கரையைவிட்டு வெளியேறியது. சில நாளில் மூன்று முட்டைகளும் பொரிந்தன. எந்தக் குஞ்சு மூத்தது என்று மட்டும் ஆட்காட்டி மீன்கொத்தியிடம் கேட்கவே இல்லை.

எது முந்தி, எது பிந்தி என்பது பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறலாம். ஆனால் செய்த செயலை முந்திக்கொண்டு அதன் விளைவு எவர் கண்ணுக்கும் தெரியாது.